முதுமறதியின் தொடக்க அறிகுறிகளும் தாய்மொழியும்

பங்சாரில் ஆற்றப்பெற்ற பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



இம்மன்றத்தின் சொற்பொழிவு வரிசையில் இலக்கணமும் இலக்கியமும் சொல்லாராய்ச்சியும் பேசப்பெறுவது வழக்கம். இன்று ஒரு நோயைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டுள்ளோம். மருத்துவர் பேசவேண்டிய பொருளை மொழியியல் பயின்றோர் பேசுவது ஏன் என்று அவையோர் வினவலாம். முதுமறதி எனப்படும் டிமென்ஷியாவின் தொடக்க அடையாளங்கள் பல மருத்துவமனையில் அன்று, வீட்டுப் பேச்சில்தான் முதலில் வெளிப்படுகின்றன. அவற்றை முதலில் கேட்பவர் உடன் வாழ்பவர். உடன் வாழ்பவருக்கு முதியவரின் மொழி தெரியாவிட்டால் அவ்வடையாளங்கள் எவர் காதிலும் விழாமலே போகும். இவ்வுரை சொல்ல வருவது இது ஒன்றே.

1. பெயரும் பொருளும்

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் நாட்டில் மலாய் மொழியில் ‘ஞாஞுக்’ என்ற சொல் வழங்குகிறது. யாழ்ப்பாணத் தமிழில் ‘அறளை பெயர்தல்’ என்பர். பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் வாழ்ந்த இலங்கைத் தமிழ்க் குடும்பத்தார் பலருக்கு அது பழகிய தொடர். ‘புத்தி தடுமாறுது’, ‘வயசானா அப்படித்தான்’ என்பன பொதுவழக்கு. டிமென்ஷியா என்பதும் இலத்தீன் மொழியில் ‘மனம் நீங்கிய நிலை’ என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்ததே. இச்சொற்கள் யாவும் ஒரு நோயை மூப்பின் இயல்பாகவோ மனிதரின் குறையாகவோ காட்டுகின்றன.

‘முதுமறதி’ என்னும் சொல்லிலும் இரு குறைகள் உள. முதுமை இந்நோய்க்கு இடங்கொடுக்கிறது; ஆனால் முதுமையே நோய் அன்று. மறதி இதன் ஒரு கூறே; சொல், கணக்கு, திசையறிவு, முடிவெடுத்தல், நடத்தை ஆகியவையும் இதனால் குலைகின்றன. எனினும் வழக்கில் வந்துவிட்ட சொல் என்பதால் இவ்வுரையில் அதனையே ஆள்கிறோம். முதுமறதி ஒரு தனி நோயின் பெயர் அன்று, பல நோய்களால் விளையும் நிலையின் பெயர் என்பதையும் மனங்கொள்ளவேண்டும். அவற்றுள் மிகப் பரவலானது அல்சைமர் நோய். மூளையின் இரத்தக் குழாய்கள் பழுதுபடுவதால் வருவது இன்னொன்று. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் மிகுந்த நம் சமூகம் பின்னதைச் சிறப்பாகக் கருதவேண்டும்.

மலேசியச் சுகாதார அமைச்சின் 2018ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வு, 60 வயதை எட்டியோரில் 8.5 விழுக்காட்டினருக்கு முதுமறதி இருக்கக்கூடும் என மதிப்பிட்டது. ஏறத்தாழப் பன்னிருவரில் ஒருவர். இவ்வரங்கில் உள்ள குடும்பங்களுக்கு இது தொலைவான செய்தி அன்று.

2. முதல் நோயாளியின் சொற்கள்

1901ஆம் ஆண்டு செருமனியின் பிராங்க்ஃபர்ட் நகர மருத்துவமனைக்கு அகுஸ்ட டேட்டர் என்ற 51 வயதுப் பெண் அழைத்து வரப்பட்டார். அலாய்ஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் அவரிடம் வினாக்கள் கேட்டு, விடைகளைச் சொன்னபடியே எழுதிவைத்தார். பெயரைக் கேட்டபோது தம் பெயரைச் சொன்ன அப்பெண், குடும்பப் பெயரைக் கேட்டபோதும் அதே பெயரைச் சொன்னார். கணவரின் பெயரைக் கேட்டபோதும் அதனையே சொன்னார். பூக்கோசும் பன்றியிறைச்சியும் உண்டுகொண்டிருந்தவரிடம் என்ன உண்கிறீர் என்று கேட்டதற்குக் கீரை என்றார். 1906இல் அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்து அல்சைமர் வெளியிட்ட செய்தியே அந்நோய்க்கு அவர் பெயர் வரக் காரணமாயிற்று. காணாமற்போன அந்த மருத்துவக் கோப்பு 1995இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. அதனைப் படிக்கும் மொழியியலார், இந்நோயின் முதற்சான்றுகளுள் ஒன்று ஓர் உரையாடற் பதிவு என்பதைக் காண்பர். அந்த மருத்துவரும் நோயாளியும் ஒரே மொழி பேசினர் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளவேண்டும்.

மற்றொரு சான்று எழுத்து மொழியிலிருந்து கிடைக்கிறது. ஆங்கில நாவலாசிரியர் ஐரிஸ் மர்டாக்கின் கடைசி நாவல் 1995இல் வெளிவந்தது. அதன் பின்னரே அவருக்கு அல்சைமர் நோய் கண்டறியப்பட்டது. பீட்டர் கரார்டும் உடன் ஆய்வாளரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், அந்நாவலை அவருடைய முந்தைய நாவல்களோடு ஒப்பிட்டனர். தொடரமைப்பு பெரிதும் மாறவில்லை; சொல்வளம் குறைந்திருந்தது. இலக்கணம் நிற்க, சொல் முதலில் தேய்கிறது. இந்த ஒழுங்கை நினைவில் வைத்துக்கொண்டால் தமிழ்ப்பேச்சில் எதனைக் கேட்கவேண்டும் என்பது புலப்படும்.

3. தமிழ்ப்பேச்சில் கவனிக்கத்தக்கவை

எல்லா மறதியும் நோய் அன்று. சாவியை வைத்த இடம் மறப்பதும், பழைய நண்பரின் பெயர் நாக்கு நுனியில் நின்று மாலையில் நினைவுக்கு வருவதும் இயல்பான மூப்பு. மகளைத் தங்கையின் பெயரால் அழைத்துவிட்டு உடனே திருத்திக்கொள்வதும் அத்தகையதே. ஒருவரது பழைய நிலையிலிருந்து ஏற்பட்ட மாற்றமும், அம்மாற்றம் மாதக்கணக்கில் கூடிவருவதும், அன்றாட வாழ்வை அது இடையூறு செய்வதுமே அறிகுறிகள்.

முதலாவது, பொருட்பெயர்கள் குறைதல். மூக்குக்கண்ணாடியைக் ‘கண்ணுல போடுறது’ என்றும், கடிகாரத்தை ‘மணி பாக்குறது’ என்றும் சொல்வது எப்போதாவது எவர்க்கும் நேரும். நாள்தோறும் கையாளும் பொருள்களின் பெயர்களே மறைந்து, ‘அது’, ‘இது’, ‘அந்தச் சாமான்’ என்பன அவ்விடங்களை நிரப்பத் தொடங்கினால் கவனிக்கவேண்டும்.

இரண்டாவது, தமிழுக்கே உரிய ஒரு மறைவு. தமிழில் எழுவாய் தொக்கி நிற்கலாம். வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டும். ‘வந்தான், கேட்டான், குடுத்துட்டேன்’ என்பது பிழையற்ற தமிழ். நலமுடைய ஒருவர் இவ்வாறு பேசும்போது, வந்தவன் யார் என்பது முன்னரே சொல்லப்பட்டிருக்கும். நோயின் தொடக்கத்தில் இருப்பவர் அதனைச் சொல்லாமலே தொடங்கலாம். தொடர் இலக்கணப்படி அமைந்திருப்பதால் கேட்பவர் தாமாகவே பெயரை ஊகித்து நிரப்பிக்கொள்வார், குறை தெரியாது. ‘யாரு வந்தது?’ என ஒருமுறை மெல்லக் கேட்டால் போதும். உடனே விடை வந்தால் கவலையில்லை. பெயர் வராமல் பேச்சு வேறுபக்கம் திரும்புவதோ சினம் எழுவதோ வழக்கமாகிவிட்டால் குறித்துவைக்கவேண்டும்.

மூன்றாவது, திரும்பக் கூறல். முதியோர் பழங்கதையைத் திரும்பச் சொல்வது நோய் அன்று. புதிய கேட்பவருக்குச் சொல்லும்போது ‘முன்னமே சொன்னேனா?’ என்றும் கேட்பர். ஒரே பகலில், ஒரே ஆளிடம், ஒரே வினாவைச் சில நிமிட இடைவெளியில் கேட்டு, முன்பு கேட்டதையும் விடை பெற்றதையும் அறியாதிருப்பதே அறிகுறி. அல்சைமர் நோய் பெரும்பாலும் புதிய நிகழ்ச்சிகளை நினைவில் பதிக்கும் மூளைப் பகுதியையே முதலில் தாக்குவதால் இவ்வாறு நேர்கிறது.

நான்காவது, மதிப்புச் சொற்களும் நடத்தையும். வாழ்நாள் முழுதும் சம்பந்தியை ‘வாங்க, உக்காருங்க’ என்று வரவேற்றவர் திடீரெனப் பலர்முன் ஒருமையில் ஏசுவதையும், பிறர் துயரில் நகைப்பதையும் குடும்பத்தார் திமிராக எண்ணிப் பகைகொள்வதுண்டு. மூளையின் முன்பகுதியைத் தாக்கும் ஒருவகை முதுமறதியில் நினைவுக்கு முன்னதாக நடத்தை மாறும். சொல்லாற்றலே முதலில் குலையும் வகையும் உண்டு. மார்செல் மெசுலம் 1982இல் அதனை விளக்கினார். இவ்வகைகள் 65 வயதுக்கு முன்னரும் தொடங்கக்கூடும்.

ஐந்தாவது, பேச்சுக்கு அப்பாற்பட்ட செயல்வரிசை. நாற்பது ஆண்டுகள் சாம்பார் வைத்தவருக்கு எதற்குப்பின் எதைப் போடுவது என்பது குழம்பும். பாசாரில் மீதிச் சில்லறையைக் கணக்கிட இயலாமல் பணப்பையையே கடைக்காரரிடம் நீட்டுவார். நாள்தோறும் நடந்த பாதையில் திசை மாறும். விரும்பிக் கேட்ட மின்னல் எஃப்எம் நிகழ்ச்சியும் நாளிதழும் கைவிடப்படும்.

நம்மை ஏமாற்றக்கூடிய ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். இளமையில் மனனம் செய்தவை நெடுங்காலம் அழியாமல் நிற்கும். தேவாரப் பதிகம், திருக்குறள், வாய்பாடு ஆகியவற்றைத் தடையின்றிச் சொல்லும் முதியவரைக் கண்டு, ‘அப்பாவுக்கு ஞாபகசக்தி எங்களைவிட நல்லாருக்கு’ என்று பிள்ளைகள் மகிழ்வர். ‘நல்லாருக்கீங்களா? பசியாறியாச்சா? பிள்ளைங்க எப்படி?’ என்னும் உபசாரத் தொடர்களும் அத்தகையனவே. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிநேரம் வந்துபோகும் உறவினர் இவற்றை மட்டுமே கேட்டுச் செல்கின்றனர். பதிகத்தைச் சொல்பவரால் காலையில் நடந்ததைத் தம் சொற்களால் எடுத்துரைக்க முடிகிறதா என்பதே கேட்கவேண்டியது.

4. யார் கேட்கிறார்கள்?

இனி, நம் சூழலுக்கு வருவோம். பங்சார் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். இன்று இது அடுக்குமாடி வீடுகளும் உணவகங்களும் நிறைந்த நகர்ப்பகுதி. கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் தோட்டங்களில் வாழ்ந்து முதிர்ந்தோர் பலர், படித்துப் பணிபுரியும் பிள்ளைகளின் வீடுகளில் வந்து சேர்ந்துள்ளனர். இத்தகைய வீடு ஒன்றை எண்ணிப் பார்ப்போம். பகல் முழுதும் பாட்டியோடு இருப்பவர் இந்தோனேசியப் பணிப்பெண். இருவரும் பேசுவது பாசார் மலாய். மாலையில் வரும் பேரப்பிள்ளைகள் ஆங்கிலம் பேசுகின்றனர். மகனும் மருமகளும் இரவில் ஓரிரு சொற்கள் தமிழில் பேசுகின்றனர்.

இவ்வீட்டில் பாட்டியின் தமிழ்ச் சொற்கள் குறையத் தொடங்கினால் அறிவார் யார்? பணிப்பெண் அவருடைய தமிழை ஒருநாளும் கேட்டதில்லை. பாட்டியின் மலாய் என்றும் அரைகுறையாகவே இருந்ததால், அதில் மேலும் சொல் குறைந்தாலும் வேறுபாடு தோன்றாது. பேரனுக்கோ பாட்டியின் பேச்சில் பாதி என்றுமே விளங்கியதில்லை. தாய்மொழி வீட்டில் அருகுவதைப் பண்பாட்டு இழப்பு என்று இம்மன்றம் பலமுறை பேசியுள்ளது. அது முதியவரின் உடல்நலத்தையும் தொடும் இழப்பு.

பன்மொழி அறிவால் நன்மையும் உண்டு. ஐதராபாத்து நிசாம் மருத்துவ அறிவியல் கழகத்தில் சுவர்ணா அல்லாடி தலைமையில் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஒருமொழியாளரைவிட இருமொழியாளருக்கு முதுமறதி 4.5 ஆண்டுகள் பிந்தித் தோன்றியது எனக் கண்டனர். எழுத்தறியாதாரிடையேயும் இவ்வேறுபாடு காணப்பட்டது. நலமுடையோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த வேறு சில ஆய்வுகளில் இப்பயன் தெளிவாகத் தென்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆகவே, மூன்று மொழி பேசும் நமக்கு இந்நோய் வாராது என்று எவரும் இருந்துவிட வேண்டா.

பன்மொழியாளரிடம் ஒரு தனி அறிகுறியும் உண்டு. சீனக் கடைக்காரரிடம் மலாய், மருத்துவரிடம் ஆங்கிலம், மைத்துனரிடம் தமிழ் என ஆளறிந்து மொழி மாற்றுவது நம்மவர்க்கு மூச்சுவிடுவது போன்றது. இரண்டு மொழிகளையும் கலந்து பேசுவது நம் இயல்பு, அது குறையன்று. தமிழறியாத கடைக்காரரிடம் தமிழிலேயே தொடர்ந்து பேசி, அவருக்கு விளங்கவில்லை என்பதையே உணராதிருப்பதுதான் கவனிக்கத்தக்கது. ஸ்டாக்ஹோமில் கென்னத் ஹில்டன்ஸ்டாமும் கிறிஸ்டோபர் ஸ்ட்ராவுடும் இருமொழி நோயாளிகளிடம் மொழித்தேர்வு குலைவதை 1980களில் ஆராய்ந்துள்ளனர். நோய் முதிரும்போது, பிற்காலத்தில் கற்ற மொழி நழுவி, இளமையில் கற்ற மொழியே எஞ்சுவதும் உண்டு. அந்நாளில் அம்மொழி தெரிந்தவர் அருகில் இல்லாவிட்டால் முதியவர் இருந்தும் தனியராவார்.

5. சோதனையின் மொழி

குடும்பத்தார் ஐயுற்று மருத்துவமனைக்குச் சென்றால் அங்கும் மொழி குறுக்கிடுகிறது. முதற்கட்டச் சோதனைகள் பெரும்பாலும் வினா விடைகளால் ஆனவை. 1975இல் ஃபோல்ஸ்டீன் குழுவினர் உருவாக்கிய குறுஞ்சோதனை 30 மதிப்பெண் கொண்டது. அதில் ‘வேர்ல்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் ஐந்து எழுத்துகளைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லும்படி கேட்பதுண்டு. தமிழில் ‘உலகம்’ என்று மொழிபெயர்த்தால் எழுத்து நான்கு. ஒலியாகப் பிரித்தால் ஆறு. எதைக் கொண்டு மதிப்பெண் இடுவது? ‘இஃப், ஆண்ட், பட்’ என்னும் இடைச்சொற்களை அடுக்கிய தொடர் ஒன்றைத் திருப்பிச் சொல்லுமாறும் அச்சோதனை கேட்கும். அச்சொற்களில் முதலிரண்டின் வேலையைத் தமிழில் ‘ஆல்’, ‘உம்’ என்னும் ஒட்டுகள் செய்வதால் அத்தொடரை அப்படியே பெயர்க்க இயலாது. மாற்றாக எதனை வைத்தாலும் அது வேறொரு சோதனையாகிவிடும். இப்போது என்ன பருவம் என்ற வினா, ஆண்டு முழுதும் வெயிலும் மழையும் கொண்ட நம் நாட்டில் என்ன பொருள் தரும்?

2005இல் வெளிவந்த மொன்ட்ரியல் சோதனை, காண்டாமிருகப் படத்தைக் காட்டிப் பெயர் கேட்கிறது. தோட்டத்தில் ஆடும் மாடும் பாம்பும் கண்டு வளர்ந்து, பள்ளிக்கூடம் போகாத மூதாட்டிக்குக் ‘காண்டாமிருகம்’ என்ற சொல்லே தெரியாதிருக்கலாம். அதனைச் சொல்லாமை நோய்க்குச் சான்றாகுமா? பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கல்லாதவர்க்கு ஒரு மதிப்பெண் கூட்டித் தருவது அச்சோதனையின் விதி. எழுதவே கல்லாதவர்க்கு அந்த ஒன்று போதாது.

இச்சோதனைக்குத் தமிழ் வடிவம் உண்டு. ஆயினும் வினவுபவர்க்குத் தமிழ் தெரியாதபோது மகளோ மகனோ மொழிபெயர்ப்பாளராக அமர்கின்றனர். தாய் தடுமாறும்போது பிள்ளையின் மனம் பொறுக்காது. குறிப்புத் தருவர், விடையைச் செப்பனிட்டுச் சொல்வர். நோய் மறைந்துவிடும். மொழி விளங்காமல் வாளாவிருக்கும் முதியவர்க்கு இல்லாத நோய் ஏற்றப்படுவதும் கூடும். இருவழியிலும் இழப்பு முதியவர்க்கே.

இதற்கு வழி காட்டிய முயற்சி ஒன்று தமிழ்நாட்டையும் உள்ளடக்கியது. வளரும் நாடுகளில் முதுமறதியை ஆராய அமைந்த பத்து-அறுபத்தாறு ஆய்வுக்குழு, சென்னை, வேலூர் உள்ளிட்ட பல மையங்களில் தன் முறையைச் சோதித்து 2003இல் முடிவுகளை வெளியிட்டது. முதியவரிடம் கேட்கும் வினாக்களோடு, அவரை நன்கறிந்த ஒருவரிடம் ‘முன்பு செய்துவந்த எதனை இப்போது செய்ய முடியவில்லை?’ என்பது போன்ற வினாக்களையும் கேட்டு இரண்டையும் இணைத்துப் பார்ப்பது அம்முறையின் சிறப்பு. கல்வியறிவு இன்மை நோயாகத் தவறிக் கணிக்கப்படுவதை அது குறைத்தது. நன்கறிந்த ஒருவரின் சாட்சியம் மருத்துவத்திலேயே இடம்பெற்றுவிட்டது. அச்சாட்சியத்தை அளிக்கத் தகுதியுடையவராக நாம் இருக்கவேண்டும்.

6. குடும்பத்தார் செய்யத்தக்கவை

ஐயம் எழுந்தால் இரண்டு மூன்று வாரங்கள் குறிப்பெழுதுக. நாள், சூழல், முதியவர் சொன்ன சொற்கள் ஆகியவற்றைச் சொன்னபடியே எழுதுக. ‘அம்மா குழப்பமாகப் பேசுகிறார்’ என்பதால் மருத்துவர்க்குப் பயனில்லை. ‘காலை பத்து மணிக்குள் நான்கு முறை, இன்று என்ன கிழமை என்று கேட்டார்’ என்பது பயன்படும். எத்தனை ஆண்டு பள்ளி சென்றார், எந்த மொழியில் படித்தார், எம்மொழி அவர்க்கு வாய்க்கு எளிது என்பனவற்றையும் சேர்த்து எழுதுக.

வீட்டில் தேர்வு நடத்துதல் வேண்டா. ‘நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்’ என்று விருந்தினர் முன் கேட்பது நம்மிடையே உள்ள கொடிய வழக்கம். அது நோயை அளக்காது, மானத்தைக் குலைக்கும்.

குழப்பம் சில மணிநேரத்திலோ சில நாளிலோ திடீரெனத் தோன்றினால் காத்திருக்கக் கூடாது. நோய்த்தொற்று, பக்கவாதம், மருந்தின் விளைவு, உடலில் உப்புச்சத்துக் குறைவு ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கலாம்; அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். மெல்ல வரும் மறதியிலும் எல்லாம் முதுமறதி அன்று. தைராய்டுக் குறை, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, செவிக்குறை ஆகியன அதுபோலத் தோன்றும். இவற்றுக்கு மருத்துவம் உண்டு. ‘வயசாச்சு’ என்று விட்டுவிடுவதால் தீர்க்கக்கூடியதும் தீராமற் போகிறது.

அரசாங்கச் சுகாதார மருந்தகத்தில் தொடங்கலாம். அங்கிருந்து மேல் மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் பெறலாம். இப்பகுதியினர்க்கு லெம்பா பந்தாயிலுள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் அண்மையில் உள்ளது. பெட்டாலிங் ஜெயாவில் இயங்கும் மலேசிய அல்சைமர் நோய் அறவாரியம் குடும்பத்தார்க்கு வழிகாட்டுகிறது. எங்குச் சென்றாலும், ‘இவர்க்குத் தமிழில் சோதனை நடத்த இயலுமா?’ என்று கேட்கத் தயங்க வேண்டா. தமிழறிந்த தாதியர் ஒருவர் இருக்கக்கூடும். பிள்ளைகளே மொழிபெயர்க்க நேர்ந்தால், தவறான விடையையும் தவறாகவே பெயர்த்துச் சொல்வதே பெற்றோர்க்குச் செய்யும் உதவி.

முன்னரே அறிவதால் என்ன பயன் என்று கேட்பர். நோயை முற்றாக நீக்கும் மருந்து இன்றில்லை. சிலர்க்கு அறிகுறிகளைத் தணிக்கும் மருந்துகள் உள. அதனினும் பெரிது, முதியவர் தம் விருப்பத்தைத் தம் வாயாலேயே சொல்லக் காலம் கிடைப்பது. சொத்து, சேமிப்பு, யாரோடு வாழ்வது, காரோட்டுவதை எப்போது நிறுத்துவது ஆகியவற்றை அவரே முடிவுசெய்யலாம். சொல் எஞ்சியிருக்கும்போதுதான் அது இயலும். வருமுன் காப்பதற்கும் இடமுண்டு. 2024இல் லான்செட் ஆணையம், செவிக்குறை, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, புகைபிடித்தல், தனிமை உள்ளிட்ட 14 காரணங்களைச் சீர்செய்தால் உலகில் 45 விழுக்காடு வரையிலான முதுமறதியைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ கூடும் என மதிப்பிட்டுள்ளது.

7. நிறைவாக

இம்மன்றத்தின் முன் மூன்று பணிகளை வைக்கிறோம். முதலாவது, நினைவுச் சோதனை வினாக்களையும் நோய் பற்றிய விளக்கங்களையும் மலேசியத் தமிழர் பேசும் தமிழில், பேச்சு நடையிலேயே அமைக்க மருத்துவர்களோடு ஒன்றுபடுவது. ‘காலை உணவு அருந்தினீரா?’ என்பதைவிடப் ‘பசியாறிட்டீங்களா?’ என்பதற்கே நம் முதியோர் விடை சொல்வர். இரண்டாவது, பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து, மருத்துவமனைகளில் தமிழ் முதியோர்க்கு நடுநிலையான மொழித்துணையாக அமர்த்த முயல்வது. மூன்றாவது, ஒவ்வொரு வீட்டிலும் பேரப்பிள்ளைகள் தாத்தா பாட்டியோடு நாளும் கால்மணி நேரமேனும் தமிழில் பேசும்படி செய்வது. இதற்குச் செலவில்லை, ஆயினும் மூன்றனுள் கடினமானது இதுவே.

பாட்டி ‘அந்தச் சாமானை எடு’ என்று கைநீட்டும்போது, சென்ற ஆண்டு அதனை அவர் ‘அஞ்சறைப் பெட்டி’ என்று சொன்னாரே என்று நினைவுகூரும் பேரன் ஒருவன் வீட்டில் இருந்தால், அவரை உரிய காலத்தில் மருத்துவரிடம் கொண்டுசேர்க்கலாம். அதற்கு அவனுக்கு அச்சொல் தெரிந்திருக்கவேண்டும்.